சந்தை வரை நடந்த தொண்டர்கள்: மார்த்தாண்டமும் மக்கள் திட்டமும்

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

   

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று முன்வரிசையில் இருக்கும் சிலருக்கு ஏற்கெனவே தெரியும். கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளைகளில் பல வருடங்களாக இழுபடுகிற வழக்கு இது. அவர்கள் கட்சி இப்படி: கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில் 1990களின் தொடக்கத்தில் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்திய பரிஷத்துக்காரர்கள் ஊராட்சியின் வளங்களைக் கணக்கெடுத்துத் திட்டம் தீட்டினார்கள். 1996 ஆகஸ்ட் 17, மலையாளச் சிங்க மாத முதல் நாளில், கேரள அரசின் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. கேரளத்தில் ஊரார் கூடித் திட்டமிட்ட வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதெல்லாம் தருமம், மிஷன் சேவை, இல்லாவிட்டால் சர்க்கார் உத்தரவு.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு என்ன தேவை என்று பட்டியல் போடுவது திட்டத்தின் முன்பாதி. விளைந்த பொருள் விற்று, காசு விளைவித்தவர் கைக்கு வந்து சேர்வது பின்பாதி. சம்பளமில்லாமல் உழைக்க முன்வருகிறவர்களை நாம் முன்பாதியிலேயே களைக்க வைத்துவிட்டோம். பின்பாதியையும் செய்து காட்டிய ஓர் ஊர், இந்த அரங்கிலிருந்து பஸ் ஏறினால் களியக்காவிளையைத் தாண்டியதும் வந்துவிடும். அந்த ஊர் வரலாற்றில் முதல் அத்தியாயமாக இல்லாவிட்டாலும் போகட்டும், அடிக்குறிப்பாகக்கூட வராதது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஊர் மார்த்தாண்டம், பழைய பெயர் தொடுவெட்டி. விளவங்கோடு வட்டத்தில், இன்று குழித்துறை நகராட்சிக்குள் அடங்கிய சந்தை ஊர். 1920களில் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வீட்டைச் சுற்றிச் சில சென்ட் நிலம், நாலு தென்னை, பனை, புளி, கொஞ்சம் மரச்சீனி என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் இருந்தன. இங்கேதான் ஒய்.எம்.சி.ஏ. தன் ஊரகப் புனரமைப்பு மையத்தை நிறுவியது. அதற்கு வழிபோட்டவர் சேலத்தில் பிறந்த தமிழர் கே.டி. பால். 1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.க்களின் தேசியக் குழுவுக்குப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். நகரத்து இளைஞர் சங்கமாக இருந்ததைக் கிராமத்துப் பக்கம் திருப்பி, கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இறக்கியவர் அவர்தான். மார்த்தாண்டத்தை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய இரண்டு நூல்கள் 1932இலும் 1938இலும் வந்தன. சாந்திநிகேதனை அடுத்த ஸ்ரீநிகேதனில் 1922இல் தாகூருக்காக ஊரகப் புனரமைப்பு வேலையைத் தொடங்கிய எல்ம்ஹர்ஸ்டும் கார்னெல்காரர்தான். அவரைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். தாகூர் பக்கத்தில் நின்றவருக்கு வெளிச்சம் விழுந்தது, தொடுவெட்டிச் சந்தையில் நின்றவருக்கு விழவில்லை.

ஹாட்ச் கொள்கை எளிமையானது. ஊரார் தங்கள் காலில் நிற்க வேண்டும். தொழில் தெரிந்தவர் தூர நின்று உபதேசிக்காமல் கூடவே இருந்து சொல்லித் தர வேண்டும். நிலமும் முதலும் இல்லாத வீட்டுக்கு எட்டாத தொழிலை மையத்தில் காட்டிப் பயனில்லை. தேனீ வளர்ப்பு அங்கே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். பெட்டி வைக்க நிலம் வேண்டாம், வீட்டோரத்து நிழல் போதும்.

தேன் அதற்கு முன்னும் இருந்தது. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் இருக்கும் கூட்டைப் புகை போட்டுக் கலைத்து, அடையை அறுத்துத் துணியில் பிழிவார்கள். தேனோடு புழுவும் மகரந்தமும் மெழுகும் சேர்ந்து வரும். நாள் பட்டால் நுரைத்துப் புளிக்கும். கூடு அதோடு அழிந்தது. மறு வருடம் வேறு கூடு தேடிப் போக வேண்டும்.

பெட்டிக்குள் தொங்கவிட்ட மரச்சட்டங்களுக்கு நடுவே தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டால் அது அந்த இடத்தை அடைக்காது, சட்டத்தை வெளியே எடுத்துத் திரும்ப வைக்கலாம் என்பதை 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கண்டார். அவருடைய பெட்டி நம் ஊர்த் தேனீக்கு மிகப் பெரிது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910களில் அதைச் சிறிதாக்கினார். மார்த்தாண்டத்தில் அதற்கு இன்னொரு வடிவம் வந்தது. 'மார்த்தாண்டம் பெட்டி' என்று வேளாண் பாடநூல்களில் இன்றும் பார்க்கலாம். கீழ் அறையில் ராணி முட்டையிடும், மேல் அறையில் தேன் சேரும். மேல் அறைச் சட்டத்தை எடுத்து, ஒட்டியிருக்கும் ஈக்களை உதறி, அடையின் மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, உருளைக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் தேன் தெறித்துத் தகரச் சுவரில் வழியும். அடை உடையாது. அதையே திரும்பப் பெட்டியில் வைத்தால் ஈக்கள் மறுபடி நிரப்பும். புதிதாக மெழுகு கட்ட அவை தின்று தீர்த்திருக்கும் தேன் அத்தனையும் மிச்சம்.

நம் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்: இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை பெட்டி விநியோகம், படம் இணைப்பு. மார்த்தாண்டத்தில் இதற்குப் பிறகுதான் வேலையே. இரண்டு பெட்டி வைத்திருப்பவர் தேன் சுழற்றும் உருளையைச் சொந்தமாக வாங்க முடியாது, அது நாலு வீட்டுக்குப் பொதுவாகச் சுற்ற வேண்டும். தேன் மருந்துக்கு வாங்கும் பொருள். வெல்லப்பாகு கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தோடுதான் நம்மவர் குப்பியைக் கையில் எடுப்பார்கள். தனி ஆள் கொண்டுபோகும் குப்பிக்குப் பெயரும் இல்லை, விலையும் இல்லை. எல்லாருடைய தேனும் ஓரிடத்தில் சேர்ந்து, வடிகட்டி, தரம் பிரித்து, ஒரே பெயரில் போனால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். 1930களில் அங்கே உருவான தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் அடிப்படை இவ்வளவுதான். இதே அடிப்படையில் விளைபொருளைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டத்தை இந்திய அரசு கொண்டுவந்தது 1937இல். அக்மார்க் அதிலிருந்து வந்ததுதான்.

முட்டையிலும் இதே கதை. நாட்டுக் கோழிக்கு வெள்ளை லெகார்ன் சேவலைச் சேர்த்தார்கள், முட்டை பெருத்தது. பெருத்த முட்டையும் சந்தைக்குப் போவதற்குள் கெட்டால் வீண். சேவலைப் பிரித்து வைத்தால் கருவில்லாத முட்டை வரும், அது கூடுதல் நாள் தாங்கும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கலாம்.

இங்கே தொண்டர் என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி. மைய ஊழியர்கள் சிலர்தாம். கிராமங்களில் பொறுப்பெடுத்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுவது பெரிய காரியமில்லை, நம்மில் பேசாதவர் யார்? நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த தேனைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே, இது தண்ணியா இருக்கு, எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்புவதுதான் கடினம். ஊர்த் தொண்டு என்று நான் சொல்வது அந்த மறுப்பைத்தான். அதைச் சொல்லவும் கேட்டுக்கொள்ளவும் பழகிய ஊரில் கூட்டுறவு நிற்கும். பழகாத ஊரில் எத்தனை கட்டடம் கட்டினாலும் நிற்காது.

நண்பர்களின் மறுப்புகள் எனக்கு மனப்பாடம். மார்த்தாண்டம் நடந்தது வெளிநாட்டு மிஷன் பணத்தில் என்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். குத்தகை, கூலி, சாதி ஆதிக்கம் எதையும் அது தொடவில்லை என்கிறார்கள். அதுவும் சரி, அதற்குத் தேன் பெட்டி போதாது, அரசியல் இயக்கம்தான் வேண்டியிருந்தது. ஹாட்சோடு எல்லாம் முடிந்தது என்கிறார்களே, அதை மட்டும் ஏற்கமாட்டேன். 1991-92இல் தாய்லாந்து பைப்புழு நோயின் வைரஸ் தென்கோடியில் புகுந்து, கேரளத்திலும் குமரியிலும் இந்தியத் தேனீக் கூடுகளைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பையாகிச் செத்தன, மருந்து கிடையாது. தப்பிப் பிழைத்த சில கூடுகளைத் தேடிப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. இன்றும் தையில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, பூவுக்குக் காத்திராமல் இலைக்காம்பில் சுரக்கும் மதுவுக்காக ஆட்கள் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். ஹாட்ச் போய் அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த கொள்ளைநோயைத் தாண்டிய தொழிலை 'வெள்ளைக்காரர் காட்டிய வித்தை' என்று ஒதுக்க முடியுமா?

பிறகு ஏன் மறந்தோம்? 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கேரள வரலாற்றாளருக்கு அது தமிழ்நாட்டு விஷயம். சென்னைக்காரருக்கு அது திருவிதாங்கூர்ச் சங்கதி. மாமன் வீட்டில் சாப்பிட்டிருப்பான் என்று சித்தப்பாவும், சித்தப்பா வீட்டில் சாப்பிட்டிருப்பான் என்று மாமனும் நினைத்ததால் பட்டினி கிடந்த பிள்ளையின் கதிதான்.

இனி 1996இன் மக்கள் திட்ட இயக்கம். அதைக் குறைத்துப் பேச வரவில்லை. மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது இந்தியாவில் வேறெங்கும் நடக்காத துணிச்சல். கிராம சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, பணிக்குழு என்று படிப்படியாக வந்த திட்டங்களைச் சரிபார்க்க ஓய்வு பெற்ற பொறியாளர்களும் வேளாண் அதிகாரிகளும் தன்னார்வத் தொழில்நுட்பப் படையாகத் திரண்டார்கள், ஆயிரக்கணக்கானோர். மதிப்பீட்டில் பிழை திருத்தினார்கள், வரைபடம் பார்த்தார்கள். வீடு, கழிப்பறை, கிணறு, சாலை எல்லாம் வந்தன. உற்பத்தித் துறை மட்டும் பின்தங்கியது என்பதை இயக்கத்தை நடத்தியவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணமாக அவர்கள் அதிகாரிகளின் மெத்தனத்தையும் அனுபவக் குறைவையும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு: திட்டம் ஒப்புதல் பெற்ற அன்றே தொண்டருடைய வேலை முடிந்துவிட்டது. கிணற்றுக்கு அது போதும், வாழைக்குலைக்குப் போதாது.

பெண்கள் குழுக்களின் குடும்பஸ்ரீ இயக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998 மே 17இல் தொடங்கியது. சிறுசேமிப்பில் அதற்கு நிகரில்லை. ஆனால் ஊறுகாயும் சோப்பும் ஓணச் சந்தையில் விற்றுத் தீர்ந்த பிறகு ஆவணி முடிந்து ஆடி வரை யார் வாங்குகிறார்கள்? விதிவிலக்காகக் காய்கறி விவசாயிகளின் சுவாசிரய (சுயசார்பு) சங்கங்களைச் சொல்ல வேண்டும். 1993இல் தொடங்கிய தோட்டக்கலைத் திட்டத்தில் உருவாகி, பிறகு 2001இல் வந்த காய்கறி-பழ வளர்ச்சிக் கவுன்சிலின் கீழ் நடப்பவை. விவசாயிகள் தாங்களே ஓரிடத்தில் சரக்கைக் குவித்து, எடை போட்டு, வியாபாரியை அங்கே வரவழைக்கிறார்கள். மார்த்தாண்டத்துப் பாடம் அது. யாரும் மார்த்தாண்டத்தின் பெயரைச் சொல்வதில்லை.  

ஆய்வாளருக்குச் சில வேலைகள். ஊராட்சித் திட்ட ஆவணங்களில் விற்பனைக்கென ஒரு பணிக்குழு எங்காவது உண்டா என்று ஒரு மாவட்டத்தையாவது எடுத்துப் பார்க்கலாம். 1952 அக்டோபர் 2இல் 55 திட்டப் பகுதிகளில் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் மார்த்தாண்டத்திலிருந்து எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒப்பிடலாம். தேன் சங்கக் கணக்கேடுகளில் திருப்பி அனுப்பிய தேனுக்குப் பதிவு இருக்கிறதா என்று தேடலாம். சமஸ்தானக் காலத்துத் தாள்கள் மலையாளத்தில் இருக்கும், பிந்தியவை தமிழில். இரண்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு மாணவர் கிடைத்தால் அவருக்கு முனைவர் பட்டத் தலைப்பு தயார். முட்டைக்கு வேறொருவர் வேண்டும். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முன்வரிசை நண்பர்களின் பதிலைத் தேநீரோடு கேட்டுக்கொள்கிறேன்.