படை திறவாத வழி



கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைப்பது கண்டி நெடுஞ்சாலை. யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய இலங்கைப் படைக்குக் கடலும் வானுமே உணவுவழி. ஆதலின் 1997 மே 13ஆம் நாள், வவுனியாவினின்று கிளிநொச்சிவரை சாலையைத் திறக்கப் படை புறப்பட்டது. ‘வெற்றி உறுதி’ எனப் பொருள்படும் ‘செயசிக்குறு’ என்று அப்போருக்குப் பெயரிட்டனர். இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வன்னி மக்கள் மனையிழந்தனர். 1998 திசம்பரில் முயற்சி கைவிடப்பட்டது, சாலை திறக்கவில்லை.

2002இல் போர்நிறுத்த உடன்பாடு அதனைத் திறந்தது. 2006இல் மீண்டும் போர் மூடியது. 2009 சனவரியில் படை அதனை முழுதும் கைப்பற்றியது.

இன்று அச்சாலையில் ஊர்திகள் ஓடுகின்றன. ஆயினும் நம் கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் கலையவில்லையே! நிலமும் உரிமையும் அச்சமற்ற வாழ்வும் மீண்டாலன்றோ வழி திறந்ததாகும்?