சுமந்த கை கட்டவும் கற்கட்டும்



கல்வி என்றதும் ஏடும் எழுதுகோலும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் இன்று கொத்துக்கரண்டியைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

நம் புதுப்பட்டினத்திற்கு அருகே, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் செங்கற்கோட்டை நிற்கிறது. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில், சங்ககாலத்தது எனக் கருதப்படும் செங்கற்கோயில் வெளிப்பட்டது. செங்கல்லை நெடுங்காலமாக அறிந்த கரை இது. ஆயினும் நம் பெண்களுள் பலர் சித்தாளாகத் தலைச்சுமை தூக்கத் தொடங்கி, சித்தாளாகவே முதுமை எய்துகின்றனர். கொத்தனார் கூடுதல் கூலி பெறுவது அதிகம் சுமப்பதால் அன்று, தொழிலைக் கற்றதால்.

"படிக்கும் பிள்ளை மண்ணில் கை வைப்பதா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன், 1881இல் டஸ்கீகியில் கறுப்பின மக்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அங்கும் மாணவர்கள் செங்கல் அறுக்கத் தயங்கினர். மூன்று சூளைகள் பாழாயின. அவர் தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார், அது வென்றது. மாணவர் கைகளாலேயே பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. படிப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிறர் நம்மீது சுமத்திய வேலை வேறு. நாமே விரும்பிக் கற்கும் தொழில் வேறு.

தொடக்கம் எளிது. இரு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் பதியலாகாது. கல்லை நீரில் நன்கு ஊற வைத்த பின்பே அடுக்க வேண்டும். உலர்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதும். கடலோர மணலையும் உப்பு நீரையும் தொடாதீர்கள். உப்புப் பூத்துச் சுவர் உதிரும், கம்பி துருப்பிடிக்கும். கீழ்வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே மேல்வரிசையின் இணைப்பு வரலாகாது. நூல், ரசமட்டம், தூக்குக்குண்டு ஆகிய மூன்றும் உங்கள் ஆசான்கள். ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் எழுப்பாதீர்கள். குறைந்தது ஏழு நாள் நீர் ஊற்றுங்கள்.

பழகும்போது சேற்றுக் கலவையில் கட்டுங்கள். பிரித்து மீண்டும் கட்டலாம். கல்லும் வீணாகாது.

இந்த அறிவு உள்ளவர் தம் வீட்டுச் சுவரைத் தாமே எழுப்புவார். அரசு உதவியில் வீடு கட்டும்போது கலவையில் மணல் மிகுந்தால் "நிறுத்து" என்று சொல்லும் துணிவும் அவருக்கு வரும். ஆகவே, வெள்ளிவிழாக் காணும் இச்சங்கம், வாரம் ஒரு நாள் கட்டுமானப் பயிற்சி நடத்த வேண்டும். அதில் முதல் இடம் நம் சித்தாள் பெண்களுக்கு அளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கல்லைச் சுமந்த கை, கரண்டியையும் பிடிக்கட்டும்.