பி.இ.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீங்க



இதை மொபைலில் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. உங்க வீட்டுப் பிள்ளை மூச்சு வாங்க ஓடி விளையாடி எத்தனை நாளாச்சு?

நான் பத்தாவது படிக்கும்போது எங்களுக்கு வாரம் இரண்டு பி.இ.டி. பீரியட். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்றைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டார், இன்னொன்றை சயின்ஸ் டீச்சர் எடுத்துக்கொண்டார். ஒருத்தரும் ஏன்னு கேட்கவில்லை. பள்ளி அணியில் இருந்தவர்கள் மட்டும் மாலையில் பயிற்சிக்குப் போனார்கள். மிச்சப் பேர் டியூஷனுக்குப் போனோம்.

என் பக்கத்து பெஞ்சுத் தோழி கோ-கோவில் ஓட ஆரம்பித்தால் அவளை யாராலும் தொட முடியாது. வயசுக்கு வந்ததும், "பொம்பளப் பிள்ளைக்கு இனிமே எதுக்கு ஓட்டம்?" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

இது எங்க பள்ளிக் கதை மட்டும் இல்லைங்க. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் இது 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம்.

அந்த 60 நிமிடமும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு சைக்கிள் மிதிப்பது, சாயங்காலம் கபடி ஆடுவது எல்லாம் சேர்த்தி. எலும்பும் இதயமும் பலப்படும், மனசும் தெளியும். விளையாடினால் படிப்பு கெடும் என்ற பயம் வேண்டாம்.

ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகள் இருக்கின்றன. கோப்பையே வாங்காத பிள்ளையும் விளையாடணும். அதற்கு நீங்க செய்யக்கூடியது என்ன?

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் இருக்க வேண்டும் என்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். "கால அட்டவணையில் இருக்கிற பி.இ.டி. பீரியட் நிஜமாவே நடக்குதா? பெண் பிள்ளைகளும் மைதானத்தில் இறங்குறாங்களா?" என்று கேளுங்க. பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்க. தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டத்தில் இதையே கேட்கலாம்.

கிராமத்தில் இருக்கீங்களா? கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் 2024இல் தொடங்கியது. அதில் உங்க ஊராட்சிக்கு வந்த கிரிக்கெட் மட்டையும் வாலிபாலும் எங்கே இருக்குன்னு ஊராட்சி அலுவலகத்தில் விசாரிங்க. பீரோவில் பூட்டி வைக்கக் கொடுத்த பொருள் இல்லை அது.

என் தோழி இப்போது ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. போன மாதம் பேசும்போது, "இவளை நான் நிறுத்த மாட்டேன்டி" என்றாள். நீங்களும் நிறுத்தாதீங்க.