ஊருக்குச் சமைக்கும் அடுப்பு
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டு அடுப்பில் பிழை நேர்ந்தால் ஒரு குடும்பம் துன்புறும். ஊருக்குச் சமைக்கும் அடுப்பில் பிழை நேர்ந்தால் ஒரு பள்ளியே, ஒரு கல்யாணப் பந்தியே துன்புறும். சத்துணவுக் கூடம், சுய உதவிக் குழுவினர் நடத்தும் உணவகம், சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஆகிய யாவும் நம் ஊராட்சி எல்லைக்குள் இருப்பவையே. ஆகவே இன்று இவற்றைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து இருந்தது சோதனையில் புலப்பட்டது. மருந்து இருந்த கலத்திலேயே எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினர். எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் கூறியும் அவர் சொல் எடுபடவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அவரும் அவ்வுணவை உண்டு நோயுற்றார்.

இது முதல் தடவையும் அன்று. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில், நம்மவர் பாலிடால் என்று அறிந்திருந்த பாரத்தியான் மருந்துடன் ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவினால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இல் இயற்றப்பட்டது அதன் பின்னரே.

நம் மக்களுக்குக் காலி டப்பாவை வீணாக்க மனம் வராது. சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் மருந்து டப்பாவிடம் அது செல்லாது. எத்தனை முறை கழுவினாலும் அதில் எண்ணெயோ, தண்ணீரோ, தானியமோ வைத்தல் கூடாது. மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டை செய்துவிடுங்கள். ஓட்டை டப்பா எவர் சமையலறைக்கும் போகாது.

இனி, நஞ்சு ஏதும் சேராமலே உணவு கெடும் வகையைப் பார்ப்போம். அரிசியில் இயல்பாக இருக்கும் ஒருவகை நுண்கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. அண்டா நிறைய வடித்த சோற்றை மூடி வைத்தால் வெளிப்புறம் ஆறினாலும் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சூட்டில் வித்துக்கள் முளைத்துப் பெருகும். அவற்றுள் சில வகை விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கையில் சீழ்க் காயத்துடன் பரிமாறுவோரிடமிருந்து வரும் கிருமியின் நஞ்சும் இத்தகையதே. “சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும்” என்ற நம்பிக்கை இவ்விடத்தில் பலிக்காது. சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு மணி நேரத்திற்குள் பரிமாறிவிட வேண்டும். இரவே சமைத்து மறுநாள் முகூர்த்தப் பந்திக்கு வைப்பது எவ்வளவு வசதியாயினும் விடத்தக்க பழக்கமாகும்.

மற்றொன்று ஒவ்வாமை. இங்கே உணவில் குற்றமே இல்லை. பிறருக்கு அமுதமாயிருக்கும் நிலக்கடலையோ, முட்டையோ, பாலோ, இறாலோ ஒரு குழந்தையின் உடலுக்கு ஏலாமற்போகிறது. சிறிதளவே போதும், கடலைச் சட்னியில் இட்ட கரண்டியைத் தேங்காய்ச் சட்னியில் இட்டாலே சிலருக்கு ஆபத்து நேரும். கடலை விளைவிக்கும் நம் ஊர்களில் இதைச் சொன்னால் சிலர் நகைப்பர். அடம்பிடிக்கும் பிள்ளை என்று அதட்டி ஊட்டுவோரும் உளர். இது அடம் அன்று, உயிர்ப் பிரச்சினை. வறுப்பதால் கடலையின் இக்குணம் போவதில்லை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் கடலையின் புரதம் ஓரளவு தங்கியிருக்கும்.

சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை விருப்பமின்றி ஒதுக்குகிறது, எந்தப் பிள்ளைக்கு முட்டை தொட்ட கரண்டியே ஆகாது என்பதைப் பெற்றோரைக் கேட்டால்தான் அறியலாம். அப்பிள்ளைகளின் பெயரையும் ஆகாத பொருளையும் ஒரு தாளில் எழுதிச் சமையற்கூடத்தின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அவர்களுக்கெனத் தனிக் கரண்டி ஒன்று இருக்கட்டும். உணவகம் நடத்தும் சகோதரிகள், கேட்பவரிடம் இதில் இன்னது சேர்ந்திருக்கிறது என்று மறைக்காது சொல்ல வேண்டும்.

உண்டவுடன் உதடு வீங்கி, தோல் தடித்து, மூச்சுத் திணறினால் கைவைத்தியம் செய்து காலம் போக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். படுக்கவையுங்கள், மூச்சுக்கு இடர்ப்பட்டால் சாய்த்து உட்காரவையுங்கள். மருத்துவர் போடும் அட்ரினலின் ஊசியே முதன்மையான மருந்து.

உறுப்பினர்களிடம் வேண்டுவது ஒன்றுண்டு. சத்துணவுக் கூடத்துச் சமையலர் பலரும் எளிய நிலையிலுள்ள பெண்கள். பருப்பில் வேறு வாடை வந்தாலும் அதைக் கொட்டிவிட அஞ்சுவர். இருப்புக் குறைந்தால் தணிக்கையில் கேள்வி வருமே என்பது அவர்கள் கவலை. வீணான அச்சமென்று அதைத் தள்ளிவிட முடியாது. எனவே ஐயத்திற்குரிய பொருளை அவர்கள் நிறுத்திவைத்தால், தலைமையாசிரியரும் ஊராட்சி உறுப்பினர் ஒருவரும் அன்றே நேரில் பார்த்து, இருப்புப் பதிவேட்டில் தேதியுடன் குறித்துக் கையொப்பமிடுங்கள். அக்குறிப்பின் நகலை ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்பினால், தணிக்கையில் எழும் கேள்விக்கு நாமே விடை சொல்லுவோம்.