மைசூர் மண்ணில் உருகிய எஃகு



எங்கள் மைசூர் விஜயநகரில், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த தெருவில் ஒரு பொறியியல் மாணவன் இருக்கிறான். அண்மையில் இணையத்தில் ஒரு ஜப்பானிய வாள் வாங்கினான். கறுப்பு உறை, பின்னல் சுற்றிய கைப்பிடி. 'சேகரிப்பாளர்களுக்காகக் கையால் செய்தது' என்று பெட்டிமேல் தங்க எழுத்து. வீட்டுக்கு எடுத்துவந்து, "மாமா, இது நிஜமாவே கையால அடிச்ச வாளா?" என்று கேட்டான்.

உருவிப் பார்த்தேன். கூர்ப்பக்கத்தை ஒட்டி ஒரு வெள்ளை அலைக்கோடு ஓடியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அலை, ஒரே இடைவெளி. அமிலம் தடவி வரைந்த கோடு அது. "சுவரில் மாட்ட அழகாக இருக்கும், ஆனால் கொல்லன் அடித்த வாள் இல்லை" என்று சொன்னேன். அதோடு அவன் விடவில்லை. அப்படியானால் நிஜமான வாள் எப்படி இருக்கும் என்று கேட்டான். ஜப்பானில் தொடங்கிய அந்தப் பேச்சு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வந்து நின்றது. இன்று உங்களோடு பேச நினைப்பதும் அதைத்தான்.

ஜப்பானின் ஷிமானே மாநிலத்தில் ஒகுயிசுமோ என்று ஒரு மலைநாட்டு ஊர். அங்கே குளிர்காலத்தில் களிமண்ணால் ஒரு பெரிய உலை கட்டுகிறார்கள். அதன் பெயர் ததாரா. மூன்று பகல் மூன்று இரவு அது அணையாமல் எரியும். சுமார் 10 டன் இரும்பு மணல், 12 டன் மரக்கரி உள்ளே போகும். கடைசியில் உலையையே உடைத்து, இரண்டரை டன் எடையுள்ள ஒரு பாளத்தை வெளியே இழுப்பார்கள். அதில் வாளுக்கு ஏற்ற முதல்தர எஃகு ஒரு டன்னுக்கும் குறைவுதான். அந்த எஃகுக்கு தமாஹகானே என்று பெயர்.

இந்த எஃகு உலைக்குள் முழுதாக உருகுவதில்லை. அதனால் ஒரு கட்டியிலேயே ஓரிடத்தில் கார்பன் கூடியிருக்கும், இன்னோரிடத்தில் குறைந்திருக்கும். இடையிடையே கசடும் சிக்கியிருக்கும். கொல்லர் என்ன செய்கிறார்? பரோட்டா மாஸ்டர் மாவை மடிப்பதுபோல, காய்ச்சுகிறார், அடிக்கிறார், மடிக்கிறார், மறுபடி காய்ச்சுகிறார். பத்து முறை மடித்தால் 1024 அடுக்கு. அடிக்க அடிக்கக் கசடு பொறியாகத் தெறித்து வெளியேறும். கார்பன் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும்.

பிறகுதான் அந்த அலைக்கோடு. வாளின் முதுகுப்பக்கம் களிமண் கலவையைத் தடிப்பாகப் பூசி, கூர்ப்பக்கம் மெல்லிசாகப் பூசுகிறார்கள். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தும்போது கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகிறது. முதுகுப்பக்கம் மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கிறது. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் இந்த அறிவைக் கொண்டுதான். கெட்டிக்கும் நெகிழ்வுக்கும் நடுவே விழும் எல்லைதான் அந்த அலைக்கோடு. கையால் பூசிய மண் தீர்மானித்த கோடு என்பதால், ஒரு வாளில் விழுந்தது இன்னொரு வாளில் விழாது.

நல்ல வாளை வாங்க வருகிறவர் அலகின் அழகோடு நிறுத்திக்கொள்வதில்லை. கைப்பிடியைப் பிணைத்திருக்கும் மூங்கில் ஆப்பைத் தட்டிக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதியைப் பார்க்கிறார். செய்த கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டுவது அங்கேதான். அந்த இடத்துத் துருவைத் துடைக்கவே கூடாது. வயதைக் காட்டுவது அதுதான். ஜப்பானில் ஒருவர் வாள் செய்ய வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கொல்லரிடம் ஐந்தாண்டு பயில வேண்டும், அரசுத் தேர்வில் தேற வேண்டும். அதன்பிறகும் மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்ய அனுமதி இல்லை.

இதைக் கேட்டு வாள் வரவழைக்கும் ஆசை யாருக்காவது வந்திருந்தால் ஒரு வார்த்தை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் அலகு நம் நாட்டு ஆயுத விதிகளுக்குள் வருகிறது. வீட்டு, விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. கூர் தீட்டிய வாள் என்றால் முதலில் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம் பக்கம் வருவோம்.

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கும்பினியாரின் ஆணைப்படி மைசூர் நாடு முழுவதும் சுற்றினார். வயல், நெசவு, சந்தை என்று கண்டதையெல்லாம் எழுதினார். மதுகிரிப் பக்கத்தில் இரும்பு காய்ச்சுவதையும் எஃகு உருக்குவதையும் விரிவாகப் பதிந்திருக்கிறார். சென்னபட்டணத்தில் இழுத்த எஃகுக் கம்பி இசைக்கருவிகளின் தந்திக்காக வெகுதூரம் போனது என்றும் எழுதியிருக்கிறார். பெங்களூரு போகும் வழியில் மரப்பொம்மை வாங்குகிறோமே, அதே சென்னபட்டணம்.

எஃகு உருக்கிய முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சேலம் பகுதியில் நடந்ததை, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் என்பவர் 1839இல் எழுதிய குறிப்பிலிருந்து சொல்கிறேன். மைசூரிலும் ஏறக்குறைய இதே முறைதான். உமி கலந்த களிமண்ணில் ஒரு சிறு மூசை, அதாவது உருக்கும் கிண்ணம். அதற்குள் சுமார் ஒரு ராத்தல் தேனிரும்புத் துண்டுகள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, காய்ந்த ஆவாரங்குச்சியைப் பொடிப்பொடியாக வெட்டிப் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு மூசையின் வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். இப்படி இருபது இருபத்துநான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரி மூடி, ஆட்டுத்தோல் துருத்தியால் இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள்.

கலப்பில்லாத இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரி அடுப்பும் தோல் துருத்தியும் அவ்வளவு தூரம் எட்டுவது அரிது. ஆனால் மூடிய மூசைக்குள் ஆவாரங்குச்சி கரியாகி, அந்தக் கார்பனை இரும்பு உறிஞ்ச உறிஞ்ச, அது உருகும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் அடுப்பின் சூடே போதும். உள்ளே இருப்பது முழுவதும் உருகிவிடும். கசடு மேலே மிதக்கும், எஃகு அடியில் தங்கும். ஜப்பானியக் கொல்லர் ஆயிரம் அடுக்காக மடித்துச் சாதித்ததை, இங்கே குடிசையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் உருக்கியே சாதித்தார்கள். இரண்டு நாட்டின் அறிவும் பெரியதுதான். ஆனால் எஃகை முழுதாக உருக்கும் வித்தை பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்துக்காரர்களுக்குக் கைவரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மூசை ஆறியதும் உடைப்பார்கள். அடியில் கூம்புவடிவில் ஒரு கட்டி இருக்கும். அதன் மேல்பரப்பில், நடுவிலிருந்து ஓரத்துக்கு விரியும் நுண்ணிய வரிகள் தெரிந்தால் நன்றாக உருகியிருக்கிறது என்று பொருள். தேன்கூடுபோல் துளை இருந்தால் உருக்கு சரியில்லை. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கண்ணே ஆய்வுக்கூடம்.

இந்தக் கட்டிகள் கடல் கடந்து மேற்காசியாவுக்குப் போயின. பாரசீகக் கொல்லர்கள் அவற்றை மிதமான சூட்டில் பொறுமையாக அடித்து வாளாக்கியபோது, அலகு முழுவதும் அலையலையான வரிகள் எழுந்தன. டமாஸ்கஸ் எஃகு என்று உலகம் கொண்டாடியது இதைத்தான். ஐரோப்பியர்கள் இந்தக் கட்டிக்கு வூட்ஸ் என்று பெயரிட்டார்கள். 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பெயர் எடுப்பதற்கு முன்னால், 1819 முதல் சில ஆண்டுகள் இந்த எஃகின் ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்தில் இதன் வேர் மிக ஆழமானது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் சங்ககால இரும்பு உலைகளோடு மூசை உலையும் அகழ்வில் கிடைத்திருக்கிறது. பழைய தென்னாற்காட்டு மாவட்டத்து மேல்சிறுவளூரில் வூட்ஸ் உருக்கிய மூசைத் துண்டுகளை ஆராய்ச்சியாளர் சாரதா ஸ்ரீனிவாசன் கண்டெடுத்து எழுதினார். இலங்கையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, கனிமவள ஆய்வுத் துறையில் இருந்த ஆனந்த குமாரசாமி, இந்தத் தொழில் தெரிந்த முதியவர்களைச் செய்துகாட்டச் சொல்லிப் பதிவு செய்துவைத்தார்.

இப்போது ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு வீழ்ந்த 1799 மே 4ஆம் தேதி கோட்டையின் உடைப்பில் முதலில் பாய்ந்த ஆங்கிலப் படைக்குத் தலைவர் டேவிட் பேர்ட். அவருக்கு அந்த ஊர் புதிதல்ல. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் வென்ற போரில் பிடிபட்டு, ஏறக்குறைய நான்காண்டு அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறைக் கைதியாக இருந்தவர். திப்புவின் படுக்கையறையில் கிடைத்த வாளைப் படை அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. அந்த வாள் 2023 மே 23 அன்று லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. 15 முதல் 20 லட்சம் பவுண்டு போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது ஒரு கோடியே 40 லட்சம் பவுண்டு. நம் பணத்தில் 140 கோடி ரூபாய்க்கும் மேல்.

அதன் அலகு, பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஜெர்மானிய அலகுகளை மாதிரியாக வைத்து முகலாயக் கொல்லர்கள் செய்தது என்று ஏலக் குறிப்பு சொன்னது. செய்தி போட்ட பத்திரிகைகள் எல்லாம் திப்புவின் பெயரைச் சொல்லின, பேர்டின் பெயரைச் சொல்லின. அடித்தவரின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. திப்புவின் வாள் என்றால் நம் ஊர் நெஞ்சில் ஒரு சூடு எழும்; எனக்கும் எழுகிறது. ஆனால் 140 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது யார் கையில் அது இருந்தது என்பதற்காக. யார் கையிலிருந்து பிறந்தது என்பதற்கு அந்த விலையில் ஒரு பைசா இருக்குமா என்று தெரியவில்லை. இது எனக்கு வலிக்கிறது.

ஆண்டுதோறும் நவராத்திரி ஆயுத பூஜையன்று மைசூர் அரண்மனையின் அரச வாளான பட்டத கத்தியையும் மற்ற ஆயுதங்களையும் கோட்டைக்குள் இருக்கும் கோடி சோமேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தூய்மை செய்து பூஜைக்கு வைக்கிறார்கள். அன்று விஜயநகர் வீடுகளில் அரிவாள்மணைக்குக்கூடக் குங்குமம் வைக்கிறோம். கருவியைக் கும்பிடும் நாம் கருவி செய்த குடும்பங்களை எங்கே விட்டோம்?

விட்டது எப்படி என்பதற்குப் பதில் இருக்கிறது. படைகள் கலைந்ததும் வாளுக்குத் தேவை போயிற்று. 1878இல் வந்த ஆயுதச் சட்டம் மிச்சத்தை முடித்தது. இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு கப்பலில் வந்து இறங்கியது. காட்டில் கரி சுடத் தடைகள் வந்தன. உருக்கியவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். பாட்டனுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாமல் போக ஒரு தலைமுறை போதும்.

ஜப்பானிலும் இது நடந்திருக்கும். 1876இல் வாள் தரிக்கத் தடை. 1945இல் தோற்றபின் வாள்கள் பறிமுதல். 1953 வரை புதிய வாள் செய்ய வழியே இல்லை. ஆனால் 1948இலேயே வாள் கலையைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம்தான் 1977இல், போரோடு அணைந்துபோன ததாரா உலையை மறுபடி மூட்டியது. அங்கே வேலை பார்த்த பழைய கைகள் அப்போது உயிரோடு இருந்தன. இன்னும் இருபது ஆண்டு தாமதித்திருந்தால் அவர்களும் இருந்திருக்க மாட்டார்கள்.

நம்மிடம் அந்தக் கைகள் இப்போது இல்லை. ஆனாலும் வழி அடைபடவில்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும், புளோரிடாவில் இருந்த வாள் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் பல ஆண்டு சேர்ந்து உழைத்து, அந்த அலைவரி எழும் அலகை 1990களில் செய்துகாட்டினார்கள். தாதுவில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களே வரிகள் உருவாகக் காரணம் என்று கண்டார்கள். அவர்கள் மூசைக்குள் போட்டவை இரும்பு, கரி, கண்ணாடித் துண்டு, கொஞ்சம் பச்சை இலை.

நம் ஆவாரம் சாமராஜநகர் சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. விஜயநகரின் காலி மனைகளில் எருக்கு தானாக முளைக்கிறது. இந்த ஊரில் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை, உலை வைத்துக் கத்தி அடிக்கும் கொல்லர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கல்லூரியின் உலோகவியல் ஆசிரியரும், ஒரு கொல்லரும், மூசை பிடிக்க ஒரு குயவரும் சேர்ந்து ஓர் ஆண்டு உட்கார்ந்தால் போதும். முதல் கட்டி தேன்கூடாகத்தான் வரும். வரட்டும். நல்ல கட்டி வந்து, அதை அடித்து ஒரு சிறு கத்தியாவது ஆக்கும்போது, கைப்பிடிக்குள் போகும் பகுதியில் அடித்தவர் தம் பெயரைக் கன்னடத்திலோ தமிழிலோ வெட்டிவிட வேண்டும். கல்லூரியில் படிக்கிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஆயுத பூஜைக்குள் தொடங்குங்கள்.