பேர்சிகோ சோலே: அறிந்து பிடித்தல்



இத்தாலிய ஏரிகளில் தூண்டிலிடுவோர் 'பேர்சிகோ சோலே' எனப்படும் சிறிய நன்னீர் மீனை இனங்கண்டுகொள்ளல் அவசியம். கையளவான, தட்டையான வட்ட உடல்; கன்னத்தில் நீலப்பச்சை நெளிகோடுகள்; செவுள்மூடியின் நுனியில் கருமை, அதன் விளிம்பில் செந்நிறப் பொட்டு. அப்பொட்டே இதன் முதன்மை அடையாளம்.

கோடையில் இது கரையோர ஆழமற்ற நீரில், நீர்ப்பூண்டுகளுக்கருகே திரியும். ஆண்மீன் அடிமணலில் குழிபறித்து முட்டைகளைக் காக்கும். வாய் சிறியதாதலால் சிறிய தூண்டில்முள்ளும், மிதப்பும், மண்புழுத் துண்டும் போதுமானவை. முதுகுச் செட்டை முட்கள் கூரியவை. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி, அவற்றை மடக்கிப் பிடித்தல் வேண்டும்.

வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இம்மீன் பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்கிறது. ஆதலால் 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடுருவும் அயல் உயிரினப் பட்டியலில் உள்ளது. இதனை உயிருடன் வாளியில் கொண்டுசெல்லுதல், வீட்டுத் தொட்டியில் வளர்த்தல், விற்றல், வேறு நீர்நிலையில் விடுதல் ஆகியன தடைசெய்யப்பட்டுள்ளன. பிள்ளைகளின் ஆசைக்காக ஒன்றை உயிருடன் எடுத்து வருவதும் சட்டமீறலே. சட்டம் அறியாமை இத்தாலியில் பொதுவாக விலக்களிப்பதில்லை.

பலெர்மோவிலிருந்து ரோசமரீனா முதலிய நீர்த்தேக்கங்களுக்குத் தூண்டிலுடன் புறப்படுவோர், மீன்பிடி உரிமத்தையும் அவ்விடத்து விதிகளையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வாராக.