சுவரில் தொங்கிய கொம்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் மூன்று மாதத்துக்கு முன்னால் போன் செய்து, "சிம்மக்கல்காரா, இந்த வருஷம் நீ மான் வேட்டையைப் பத்திப் பேசணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆயுசில் ஒரு காக்கையைக்கூட நான் கல்லால் அடித்ததில்லை. அப்புறம்தான் புரிந்தது, அவர் நினைவில் இருந்தது நான் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த மான் கொம்பு.

1977 முதல் 1980 வரை நம் விலங்கியல் வகுப்பில் படித்தவர்களுக்கு அந்தக் கொம்பு நன்றாகத் தெரியும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டில்தான் படிப்போம். வைகைக் காற்று வரும் என்று பெயர், வந்ததில்லை. புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி அந்தக் கொம்பில்தான் மாட்டுவோம். மொத்தம் ஆறு கிளை, ஆறு சட்டை. ஏழாவதாக வருகிறவன் தன் சட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

"அந்தப் பக்கம் கல்லுல யானை, இந்தப் பக்கம் கல்லுல சிங்கம், நடுவுல நிஜக் கொம்போட நம்ம வீடு" என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். யானைக்கல்லுக்கும் சிம்மக்கல்லுக்கும் நடுவே வேறெந்த வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை என்பது அவர் கணக்கு. இடது பக்கக் கொம்பு மட்டும் கொஞ்சம் திரும்பினாற்போல் இருக்கும். கேட்டால், "ஆசாரி சரியாப் பூட்டலைப்பா" என்பார்.

தாத்தா போடியில் ஓர் ஏலக்காய் எஸ்டேட் முதலாளியிடம் கணக்கு எழுதினவர். 1946-ல், பங்குனி மாதம், முதலாளியோடு வருசநாட்டு மலையடிவாரத்துக்கு வேட்டைக்குப் போனார்களாம். ஓடைக்கு அந்தப் பக்கம் நூற்றைம்பது கஜத்தில் ஒரு பெரிய மிளா. முதலாளி தன் ரைபிளைத் தாத்தா கையில் கொடுத்து, "கணக்கப்பிள்ளை, நீர் சுடும்" என்றாராம். "பாறை மேல குழலை வச்சேன், மூச்சைப் பிடிச்சேன், ஒரே வெடி. அதுதான் இது" என்று தாத்தா கொம்பைக் காட்டுவார். நம் நண்பர்கள் எல்லோரும் இந்தக் கதையை ஒரு தடவையாவது கேட்டவர்கள். சட்டை மாட்டினதற்கு வாடகை அது.

தாத்தா காலமாகி, அப்பாவும் போய், 2011-ல் வீடு பாகம் பிரிந்தது. பாத்திரம் பண்டமெல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தது. கொம்பில்தான் தகராறு. "மூத்தவன் நான்தான், தாத்தா சுட்டது எனக்கு" என்று பெரியப்பா மகன் பிடிவாதம் பிடித்தார். எனக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை. இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு கொம்பு என்று முடிவாகி, பலகையைச் சுவரிலிருந்து இறக்கி, ஆசாரியை வைத்துத் திருகாணியைக் கழற்றினோம்.

கழற்றிய கொம்பைத் திருப்பிப் பார்த்ததும் எனக்கு வார்த்தை வரவில்லை. மூன்று வருஷம் விலங்கியல் படித்தவனுக்கு அந்த அடிப்பாகம் ஒரு பரீட்சைத் தாள் மாதிரி.

அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால், தமிழில் நாம் எல்லாவற்றையும் 'கொம்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதிலிருந்து தொடங்க வேண்டும். மாடு, ஆடு, வெளிமான் இவற்றின் கொம்பு ஒரு வகை. உள்ளே எலும்பு, அதன் மேல் நகம் போன்ற உறை. கிளை விடாது, உதிராது, ஆயுசுக்கும் அதேதான். நம் பக்கத்துச் சிலம்ப ஆசான்கள் வைத்திருந்த மான்கொம்பு என்கிற ஆயுதம், வெளிமானின் முறுக்குக் கொம்பு இரண்டை எதிரெதிராகச் சேர்த்துக் கட்டியது. மிளா, புள்ளிமான் இவற்றின் கொம்பு வேறு வகை. அது முழுக்க எலும்பு. ஆணுக்கு மட்டும் முளைக்கும். மண்டையில் இரண்டு சின்னக் குமிழ் இருக்கும். அதிலிருந்து மெத்தென்ற ரோமத்தோல் போர்த்தி, ரத்தம் ஓடி, சில மாதங்களிலேயே வளர்ந்துவிடும். வளரும்போது சுண்ணாம்புச் சத்து போதாமல் மான் தன் உடம்பு எலும்பிலிருந்தே கடன் வாங்கும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரிந்துவிடும். இணை சேரும் பருவம் கழிந்த பிறகு, குமிழும் கொம்பும் சேரும் இடத்தில் எலும்பு அரித்து, கொம்பு தானாகவே கழன்று விழும். மிளாவுக்குப் பெரும்பாலும் கோடையை ஒட்டி இது நடக்கும். புள்ளிமானுக்கு ஒரே மாதம் என்று சொல்ல முடியாது. இடத்துக்கு இடம் மாறும்.

ஆகவே, சுட்ட மானின் கொம்புக்கு அடியில் மண்டையோட்டுத் துண்டு இருக்கும், அல்லது அறுத்த தடம் இருக்கும். தானாக உதிர்ந்த கொம்பின் அடி குமிழ் போலச் சற்றுப் புடைத்து, சொரசொரவென்று இருக்கும். அதைச் சுற்றி வளையல் போல ஒரு விளிம்பு. எங்கள் வீட்டுக் கொம்பு இரண்டும் அப்படித்தான் இருந்தன. போதாததற்கு, இரண்டுமே வலது பக்கக் கொம்பு! ஒரே மானுக்கு இரண்டு வலது கொம்பு எப்படி இருக்கும்? ஆசாரி மேல் இத்தனை வருஷமாக வீண் பழி.

அன்று சாயங்காலமே தாத்தாவின் மூத்த மகளான எங்கள் அத்தையிடம் போனோம். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயசு. கொம்பைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க ஐயா எங்கிட்டுப்பா மானைச் சுட்டாரு? வெடி மேல போயிருச்சு, மிளா காட்டுக்குள்ள போயிருச்சு. திரும்பி வர்ற வழியில கிடந்ததைப் பொறுக்கிட்டு வந்தாரு. முதலாளி கேலி பண்ணிப் பண்ணியே அவரை அழ வச்சுட்டாராம். ஊருக்கு வந்து கதையை மாத்திட்டாரு. ஆத்தாவுக்கு மட்டும் தெரியும். நாங்க யாரும் வாய் திறக்கலை" என்றார்.

எனக்குத் தாத்தா மேல் கோபம் வரவில்லை. குறி ஏன் தவறியது என்பதையும் அவர் வாயாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்; நமக்குத்தான் புரியவில்லை. "பாறை மேல குழலை வச்சேன்." தவறு அதுதான்.

துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரைபிளைத் தாங்கலில் வைத்துச் சுடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் தாங்கலில் உட்கார வேண்டியது குழலுக்கு அடியில் இருக்கும் மரக்கட்டை. குழல் எதன்மேலும் படக்கூடாது. வெடிக்கும்போது குழல் அதிரும்; கெட்டியான பாறையில் பட்டிருந்தால் அது எகிறி, குண்டு மேலே போய்விடும். அதனால்தான் பழைய வேட்டைக்காரர்கள் தலைப்பாகையையோ துண்டையோ சுருட்டிப் பாறை மேல் போட்டு, அதன்மேல் கட்டையை வைப்பார்கள். பாறை கிடைக்காவிட்டால் உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் முழங்காலுக்கு உள்பக்கமாகக் கொடுத்துக்கொள்வார்கள். பாரத்தை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது. தசை கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். மணல் மூட்டை, இரண்டு கால் தாங்கி, மூன்று கம்பு சேர்த்துக் கட்டிய முக்காலி எல்லாம் இதே தத்துவம்தான். தாங்கல் என்பது வீரத்துக்குக் குறைச்சல் இல்லை. பாதிக் குண்டு பட்ட மான் புதருக்குள் போய் மூன்று நாள் துடித்துச் சாகும்; அது நடக்கக் கூடாது என்பதற்கான மரியாதை அது.

வேட்டைக்குக் கட்டுப்பாடு என்பது நேற்று வந்த சங்கதி அல்ல. நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம் 1879-லேயே வந்துவிட்டது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் வந்த திருத்தம், பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்கும் வழியையே அடைத்துவிட்டது. உதிர்ந்த கொம்பு விஷயம் இன்னும் சுவாரசியம். தேன், கடுக்காய் மாதிரி அதையும் காட்டு மகசூலாகப் பொறுக்கி, கத்திக்குக் கைப்பிடியும் சட்டைக்குப் பொத்தானும் செய்த காலம் உண்டு. வெளிநாட்டுக்கும் போயிற்று. 1990-களின் கடைசியில் அந்த ஏற்றுமதியும் நின்றது.

இந்தக் கதையை நான் சொன்னபோது அமெரிக்காவில் இருக்கும் நம் வகுப்பு நண்பர் கேட்டார்: "இங்க குடும்பத்தோட போய்க் கொம்பு பொறுக்கறாங்களே, அங்க மட்டும் என்ன?" அவர் சொன்னது உண்மைதான். வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊரில், பக்கத்துச் சரணாலயத்தில் எல்க் மான்கள் உதிர்த்த கொம்பைச் சாரணர்கள் சேகரித்து, 1968 முதல் ஏலம் விடுகிறார்கள். பணத்தில் பெரும்பகுதி சரணாலயத்துக்கே திரும்பிப் போகிறது. ஆனால் அங்கேயும் பல பகுதிகளில் ஜனவரி முதல் ஏப்ரல் முடியும்வரை கொம்பு பொறுக்கத் தடை உண்டு. குளிர்காலத்தில் இளைத்துப்போன மான்களை மனுஷன் விரட்டிவிடக் கூடாது என்பதற்காக.

நம் நாட்டில் தடை இன்னும் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொம்பைத் துண்டு போட்டுக் கைப்பிடி ஆக்கிவிட்டால், அது உதிர்ந்ததா, சுட்டதா என்று யார் சொல்ல முடியும்? அடிப்பாகம் போய்விட்டால் சாட்சி போச்சு. உதிர்ந்ததை விற்கலாம் என்று விட்டால், அந்தப் பெயரில் சுட்டதும் சந்தைக்கு வரும். இன்னொன்று, காட்டில் கிடக்கும் கொம்பு வீணாகக் கிடக்கவில்லை. முள்ளம்பன்றி அதைக் கரம்பித் தின்னும். மான்களேகூட சுண்ணாம்புச் சத்துக்காகக் கடிக்கும். ஒரு மான் தன் எலும்பிலிருந்து கடன் வாங்கி வளர்த்ததைக் காட்டுக்குத் திருப்பிச் செலுத்துகிறது. நடுவில் நாம் புகுந்து எடுத்துக்கொண்டு வருவது நியாயமா?

எங்கள் கொம்புக்கு ஒரு காகிதம் கிடையாது. ஒரு வக்கீலிடம் யோசனை கேட்டு, நானும் பெரியப்பா மகனும் சேர்ந்தே வனத்துறை அலுவலகத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பழைய வீடு உள்ளவர்கள் பலர். பரணிலோ சுவரிலோ கொம்பு, தோல் ஏதாவது இருந்தால், விற்காதீர்கள், யாருக்கும் அன்பளிப்பாகவும் கொடுக்காதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக வைகையிலும் போடாதீர்கள். வக்கீலைக் கேட்டு முறைப்படி செய்யுங்கள். உரிமைச் சான்றிதழ் இருப்பவர்கள் அதை வைத்திருக்க விரும்பாவிட்டால், ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்க 2022 திருத்தத்தில் வழி இருக்கிறது. இழப்பீடு கிடையாது. நிம்மதி உண்டு. புதிதாக எங்கேயாவது மலையேறப் போய், கொம்பு கிடப்பதைப் பார்த்தால், போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

போட்டோ என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு காமிரா செய்துகொண்டு காட்டில் அலைந்தவர். அவர் வழியில் இன்று எத்தனையோ பிள்ளைகள் போகிறார்கள். என் மகளும் ஒருத்தி. ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்பி, ஜீப் ஜன்னலில் போட்டு, அதன்மேல் காமிராவை வைக்கிறாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறாள். மெல்ல அழுத்துகிறாள். தாத்தாவுக்குத் தெரியாமல் போன வித்தை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மான் நின்றபடியே நிற்கிறது.

அழகர்மலைப் பக்கம் பழமுதிர்ச்சோலையில் குடிகொண்ட முருகன், வள்ளியைத் தேடி வேடனாக வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வந்தவன் வேடன், அவன் தேடி வந்தவளோ மான் வயிற்றில் பிறந்தவள். வேட்டைக்காரனை மானிடம் தோற்கவைத்த கதை அது. எங்கள் தாத்தாவும் அப்படித் தோற்றவர்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அத்தை அன்று இன்னொன்றும் சொன்னார். "சுட்டிருந்தா அன்னைக்கே கறியாப் போயிருக்கும். ஐயா குறி தப்பினதால அது புள்ளை குட்டியோட நல்லா இருந்திருக்கும், போ." கூடத்துச் சுவரில் இப்போது பலகை இருந்த இடத்தில் வெள்ளையடிக்காத ஒரு தடம் மட்டும் இருக்கிறது. பெரியப்பா மகன் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பார். நாங்கள் இப்போது பேசிக்கொள்கிறோம். நண்பர்களே, நீங்களும் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். சட்டை மாட்ட ஆணி அடித்து வைத்திருக்கிறேன். ஏழு ஆணி.